தையலுக்குள் போன கையொப்பம்: பழைய பைண்டில் ஒரு மௌனச் சிரிப்புப் படம்

வடக்குமாசி_வாசகன்

அனைவருக்கும் வணக்கம். மதுரை வடக்கு மாசி வீதியில் இருந்த எங்கள் பூர்வீக வீட்டை விற்பதற்காகப் பரணை ஒழித்தபோது, தாத்தா பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைத் தொகுதிகள் பதினொன்று கிடைத்தன. அவற்றுள் ஒன்று, கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதி, கோபுலு படம் வரைந்த ‘தில்லானா மோகனாம்பாள்’. அக்காலத்து வழக்கப்படி வாராவாரம் கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்திருக்கிறார். அதனால் கதையின் பின்பக்கத்தில் எது அச்சாகியிருந்ததோ அதுவும் கூடவே தப்பிப் பிழைத்திருக்கிறது: பற்பொடி விளம்பரம், தலையும் வாலும் இல்லாத கட்டுரை, ஒற்றைத் துணுக்கு.

அப்படித் தப்பிய ஒரு படத்தைப் பற்றித்தான் கேட்க வந்தேன். ஒரு பக்கத்தின் அடியில் சொல்லே இல்லாத நான்கு கட்டச் சிரிப்புப் படம் இருக்கிறது. முதல் கட்டத்தில் ஒருவர் கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு வெயிலில் நடக்கிறார். இரண்டாவதில் தூறல் விழுகிறது. மூன்றாவதில் மழை வலுக்கிறது. அவர் நின்று குடையை ஒரு பார்வை பார்க்கிறார். நான்காவதில், குடையை விரிக்காமலே மார்போடு அணைத்துக்கொண்டு, தொப்பலாக நனைந்தபடி ஓட்டம் பிடிக்கிறார். புதுக்குடை நனைந்துவிடக் கூடாது என்று தான் நனைகிற கஞ்சன் என்று தாத்தா சொல்லி, வீடே சிரித்த படம் அது. இன்றைக்கும் யாராவது சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் எங்கள் அம்மா அவரைக் ‘குடைக்காரர்’ என்றுதான் சொல்வார்.

வரைந்தவர் யார் என்று தெரியவில்லை. நான்காவது கட்டத்தின் வலது ஓரம் அரை அங்குலத்துக்கு மேல் தையலுக்குள் போய்விட்டது. கையொப்பம் இருந்தால் அங்கேதான் இருக்க வேண்டும். கதைக்கு வரைந்த கோபுலுவே இதையும் வரைந்திருப்பார் என்பது என் எண்ணம். கைப்பேசியில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். குடையின் நுனியருகே தெரிகிற சிறு கோடு காகிதத்தில் பட்ட கறையா என்றும் தெரியவில்லை.

நாகமலைத்_தமிழாசிரியை

படத்தைப் பார்த்ததும் கோபுலு என்றே தோன்றுகிறது. வேட்டியின் மடிப்பும் ஓடுகிற காலின் வளைவும் அப்படியே அவருடைய கைதான்.

அவரைப் பெயரளவில் மட்டுமே அறிந்த இளையவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். இயற்பெயர் கோபாலன்; 1924இல் தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணத்து ஓவியப் பள்ளியில் படித்தவர். விகடனின் ஓவியராக இருந்த மாலிதான் அவருக்குக் ‘கோபுலு’ என்று பெயர் வைத்தார். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் வழிபட்ட இராம பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து வரும்படி மாலி அனுப்பியதும், அது 1941ஆம் ஆண்டுத் தீபாவளி மலரில் வந்ததும் அவருடைய தொடக்கம். ஒருவரைக் கண்டதும் அவருக்கு ஒரு பெயர் சூட்டிவிடுவது மாலியின் பழக்கம் போலும். மதுரை மீனாட்சியம்மன் கோயில் உட்பட எத்தனையோ கோயில்களின் சிற்பங்களை விகடனில் வரைந்த சீனிவாசன் ‘சில்பி’ ஆனதும் மாலியால்தான்.

கோபுலு 1945 முதல் விகடனில் இருந்தார். சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’ தொடரில் வருகிற மாமிகளும் சம்பந்திகளும் அமெரிக்கர்களும் நம் நினைவில் எந்த முகத்தோடு இருக்கிறார்களோ அது அவர் கொடுத்த முகம். அப்படிப்பட்டவரின் இதழில் வந்த படம் வேறு யாருடையதாக இருக்க முடியும்?

கோட்டோவியன்

ஆசிரியை அம்மாவின் கடைசி வரியில்தான் எனக்குத் தயக்கம். அது ‘அவரின் இதழ்’ அன்று. அங்கே ஒரே காலத்தில் பல கைகள் வேலை செய்தன. தேவன் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’வை இன்று கோபுலுவின் சாம்பு என்றே பலர் நினைக்கிறார்கள். முதன்முதலில் அது தொடராக வந்தபோது அந்த மூக்கையும் விழியையும் வரைந்தவர் ராஜு; கோபுலு அதைப் படக்கதையாக வரைந்தது பிறகு. சொல்லில்லாத சிரிப்புப் படத்திலும் ராஜுவுக்குப் பெரும் பங்குண்டு. கோபுலு தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்தார், நேர்காணல்கள் கொடுத்தார், விருதுகள் பெற்றார். அதனால் அந்தக் காலத்து நல்ல கோடெல்லாம் அவர் பெயரில் வரவாகிவிட்டது. இதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. நம் சோம்பல்தான் காரணம்.

நான் 1979 முதல் இருபது ஆண்டுகள் திருநகரிலிருந்து வார இதழ்களுக்குச் சிரிப்புப் படம் வரைந்தவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், வேட்டி மடிப்பை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. வேட்டி மடிப்பைத்தான் எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்கிறோம். நான் பார்ப்பது கையும் செருப்பும். அவசரத்தில் வரைகிறவன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிடுவான். இந்தப் படத்தில் நான்கு கட்டத்திலும் இரண்டு கைகளும் தெரிகின்றன. மூன்றாவது கட்டத்தில் சுட்டுவிரல் குடைக்காம்பின் மேல் தனியாக நிற்கிறது. நல்ல கை என்பதில் ஐயமில்லை. யாருடைய கை என்பதற்கு இது போதாது.

சொல்லில்லாத படத்தின் கடினம் பார்ப்பவருக்குத் தெரியாது. உரையாடல் இருந்தால் வாசகன் எங்கே சிரிக்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். சொல் இல்லாதபோது அந்த இடத்தைக் கோடே காட்ட வேண்டும். முதல் மூன்று கட்டங்களில் பின்னணியை ஏறத்தாழ ஒன்றாகவே வைத்து, மாறுகிற ஒரே பொருளை நோக்கிக் கண்ணைத் தள்ள வேண்டும். ஒரு மரம் அழகாக அமைந்துவிட்டால்கூட அதை அழித்துவிடுவேன். கண் மரத்தில் தங்கிவிட்டால் சிரிப்பு போய்விடும். நம் மதுரையின் வீதிகளையும் கோபுரங்களையும் மையில் வரைந்த மனோகர் தேவதாஸ், பார்வை குறைந்துகொண்டே வந்த நிலையிலும் ஒரு படத்துக்கு ஆயிரக்கணக்கான நுண்கோடுகளைப் பொறுமையாக இட்டார். அங்கே கண் தங்க வேண்டும், அதற்காக இடப்பட்ட கோடுகள் அவை. எங்கள் வேலையோ கண்ணை நிற்கவிடாமல் நகர்த்துவது.

ஈயஎழுத்து

மேல மாசி வீதிக்கு அருகில் ஒரு சந்தில் எங்கள் அப்பா பிளாக், அதாவது படங்களை அச்சிடும் தகட்டுக் கட்டை, செய்யும் பட்டறை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையாரும் சினிமா நோட்டீசும்தான் எங்கள் பிழைப்பு என்றாலும், சென்னையில் பெரிய பத்திரிகைகளுக்கு ‘லைன் பிளாக்’ செய்த முறையும் இதுவேதான் என்பதால் படத்தின் கோடுகளைப் பற்றி ஒன்று சொல்லலாம்.

ஓவியர் அச்சில் வர வேண்டிய அளவைப்போல ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ பெரிதாக வரைந்து தருவார். அதைக் கேமராவில் சிறிதாக்கிப் படமெடுத்து, ஒளிபட்டால் இறுகுகிற பூச்சு பூசிய துத்தநாகத் தகட்டில் பதிப்பார்கள். பிறகு தகடு நைட்ரிக் அமிலத் தொட்டியில் ஆடும். கோடு இருக்கும் இடம் மேடாக நிற்க, மற்ற இடத்தை அமிலம் தின்னும். பக்கவாட்டில் தின்று கோட்டை அறுத்துவிடாதபடி, நடுநடுவே எடுத்து ‘டிராகன்ஸ் பிளட்’ என்கிற சிவப்புப் பிசின் தூளைத் தூரிகையால் நான்கு பக்கமும் தேய்த்துச் சூடு காட்டி, மறுபடி அமிலத்தில் விடுவார்கள். கடைசியில் மரக்கட்டையில் ஆணி அடித்து, ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாக நிறுத்தினால் பிளாக் தயார். அப்பாவின் வலது கை விரல் நகங்கள் எப்போதும் மஞ்சளாகவே இருந்தன. சாப்பாட்டில் கைபடக் கூடாது என்று அம்மா கரண்டி கொடுப்பார்.

இந்த முறையில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, சாம்பல் நிறம் கிடையாது. நிழல் வேண்டுமானால் கோடுகளை நெருக்கிப் போட வேண்டும். மிக நெருக்கினால் நியூஸ்பிரிண்டில் மை ஊறி அப்பிவிடும். மிக மெல்லியதாகப் போட்டால் சிறிதாக்கும்போது அறுந்துவிடும். கோபுலுவின் தலைமுறை அவ்வளவு தெளிவான, துணிந்த கோட்டைப் பழகியதில் இந்த அமிலத்தொட்டிக்கும் பங்குண்டு என்பது என் கருத்து.

குடை நுனியருகே உள்ள சிறு கோடு கறை அன்று. வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் தகடு சரியாகத் தின்னப்படாமல் நின்றுவிட்டால், அந்தப் பிசிறும் மை வாங்கி இப்படி அச்சாகும். உளியால் செதுக்கி எடுக்க மறந்திருப்பார்கள்.

செல்லூர்_சிரிப்பு

ஓவியர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். துணுக்கு எழுதுகிறவன் ஒருவன் இருந்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எண்பதுகளில் 15 பைசா அஞ்சலட்டை ஒன்றுக்கு ஒரு துணுக்கு வீதம், செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து எழுதி அனுப்பியவன் நான். ஆசிரியர் குழு தேர்ந்தெடுத்ததை ஓவியருக்கு அனுப்புவார்கள். எழுதியவனும் வரைந்தவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது.

ஒருமுறை, வீட்டில் திருட வந்தவனுக்கும் விழித்துக்கொண்ட வீட்டுக்காரருக்கும் இடையே நடக்கிற இரண்டு வரி உரையாடல் ஒன்று வெளியானது. வரைந்தவர், திருடன் தன் செருப்பை வாசற்படிக்கு வெளியே ஒழுங்காகக் கழற்றி வைத்திருப்பதாக ஒரு மூலையில் போட்டுவிட்டார். அது என் துணுக்கில் கிடையாது. அந்த வாரம் முழுவதும் பார்த்தவரெல்லாம் “உங்கள் செருப்பு ஜோக் பிரமாதம்” என்றார்கள். நான் எழுதிய இரண்டு வரி ஒருவருக்கும் நினைவில்லை; உண்மையைச் சொன்னால், இப்போது எனக்கும் முழுதாக நினைவில்லை. சன்மானம் எனக்கு வந்தது, சிரிப்பு அவருக்குப் போனது. கோட்டோவியன் ஐயா இதற்கு என்ன சொல்கிறார்?

கோட்டோவியன்

செல்லூர் நண்பர் அந்தச் செருப்பை மன்னிக்க வேண்டும். உரையாடலை அப்படியே வரைந்தால் இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிற படம்தான் கிடைக்கும். வாரத்துக்குப் பத்து துணுக்கு வந்தால் பத்திலும் இரண்டு பேர் நிற்பார்கள். அதனால் ஒவ்வொன்றிலும் எழுத்தில் இல்லாத ஒன்றைத் தேடுவோம். ஆனாலும் நீங்கள் திருடனை அனுப்பாமல் இருந்திருந்தால் செருப்புக்கு வேலையே இல்லை.

தபாலைப் பற்றிச் சொன்னதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. துணுக்குகள் திங்கட்கிழமை கைக்கு வந்தால் புதன் இரவுக்குள் படம் சென்னைக்குப் புறப்பட வேண்டும். மை காயக் காத்திருந்து, பிழையை வெள்ளைப் போஸ்டர் கலரால் மறைத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, சைக்கிளில் மதுரைச் சந்திப்பு ஆர்.எம்.எஸ். (ரயில் தபால்) அலுவலகத்துக்கு ஓடுவேன். தாமதக் கட்டணம் கட்டினால் இரவு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஒரு மழைநாளில் கட்டுக்குள் நீர் புகுந்து, ஒரு மாமியாரின் முகம் கரைந்து போய்ச் சேர்ந்தது. ஆசிரியர் குழு அதையும் வெளியிட்டுவிட்டது. அந்தப் படத்துக்குத்தான் அந்த ஆண்டில் மிகுதியான கடிதம் வந்தது.

போனவை திரும்பி வந்ததில்லை. ஓர் இதழுக்கு ஆறு ஆண்டுகள் வரைந்தேன். பிறகு மூலப் படங்களைக் கேட்டு எழுதியபோது, கிடங்கில் ஒழுகியதால் பழைய அட்டைகளை எடைக்குப் போட்டுவிட்டதாக ஒரே வரியில் பதில் வந்தது. பெயரைச் சொல்ல விரும்பவில்லை; அன்று பல இடங்களில் நடைமுறையே அதுதான். பிளாக் ஆனதும் ஓவியம் அவர்கள் கணக்கில் கழிவுத்தாள்.

கோபுலு விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போனதையும், 1972இல் ‘ஆட்வேவ்’ என்று சொந்தமாக விளம்பர நிறுவனம் தொடங்கியதையும் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக் குடும்பம் நடத்திய எவனும் அப்படிச் சொல்லமாட்டான். எனக்கு அவரிடம் பெரிதாகத் தோன்றுவது வேறு. பக்கவாதத்தால் வலது கை செயலிழந்தபோது, அவர் இடது கையால் வரையப் பழகி வரைந்தார். இருபது வயதில் கைக்கு வந்த கோட்டை முதுமையில் மற்றொரு கைக்குக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிய, உங்கள் கையொப்பத்தை இடது கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நாகமலைத்_தமிழாசிரியை

ராஜுவைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். என் வகுப்பில் நானே சாம்புவைக் கோபுலுவின் படைப்பு என்று சொல்லியிருக்கிறேன், இனித் திருத்திக்கொள்வேன்.

சிரிப்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு, வழக்கு வரும்போது வேறொரு விடை கிடைப்பதையும் கவனிக்க வேண்டும். 29.3.1987 விகடன் அட்டையில் வந்த துணுக்கை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேடையில் இருக்கும் இருவரில் ஜேப்படித் திருடன் போல இருப்பவர் சட்டமன்ற உறுப்பினர், முகமூடிக் கொள்ளைக்காரன் போல இருப்பவர் அமைச்சர் என்பது அதன் சாரம். சட்டமன்றம் அதை உரிமைமீறலாகக் கொண்டது, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டு, ஏப்ரல் 4ஆம் தேதி கைதானார். எதிர்ப்பு வலுத்ததால் இரண்டே நாளில் விடுவித்தார்கள். 1994இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. துணுக்கை எழுதியவரோ வரைந்தவரோ சிறைக்குப் போகவில்லை, ஆசிரியர் போனார். பாராட்டில் பங்கு கேட்க இருவர் இருக்கிற இடத்தில், தண்டனைக்கு மூன்றாமவர் ஒருவரே முன்நின்றார். 1928இல் எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து வாசன் வாங்கிய ‘ஆனந்த விகடன்’ என்ற பெயருக்கு, அவர் மகனான அந்த ஆசிரியர் கொடுத்த விலை அது.

செல்லூர்_சிரிப்பு

ஆசிரியை அம்மா சொல்வது சரிதான். அஞ்சலட்டையில் என் முகவரி இருந்தும் ஒருவரும் என்னைத் தேடி வந்ததில்லை. அன்று அதை என் குறையாக நினைத்தேன். அது இருக்கட்டும், குடைக்காரர் என்ன ஆனார்? தையலைப் பிரித்துப் பார்த்துவிட்டால் முடிந்துவிடாதா?

வடக்குமாசி_வாசகன்

தாமதத்துக்கு மன்னிக்கவும். அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்கே ஒன்பது நாள் ஆகிவிட்டது. தாத்தா காலத்துத் தையலில் கத்தி வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். கடைசியில் சிம்மக்கல் பக்கம் பைண்டிங் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம், அம்மாவும் உடன்வர, தொகுதியைக் கொண்டுபோனேன். குத்துத் தையல் போட்ட புத்தகம் என்பதால், அட்டையைக் கழற்றிவிட்டு, காய்ந்த பசையை ஈரத்துணியால் நனைத்து இளக வைத்து, நூலை ஒவ்வொரு துளையாக வெளியே இழுத்தார். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் யாரும் பேசவில்லை.

கையொப்பம் இல்லை. கோபுலுவும் இல்லை, ராஜுவும் இல்லை, வெறும் கட்டக்கோடுதான்.

ஆனால் தையலுக்குள் படம் இருந்தது. ஓடுகிறவர் போய்ச் சேர வேண்டிய இடம் அங்கே ஒளிந்திருந்தது: ஒரு சாய்ப்பு, அதிலிருந்து தலைகீழாகத் தொங்கும் ஏழெட்டுக் குடைகள், கீழே சாக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்து குடைக்கம்பியை இடுக்கியால் வளைக்கிற ஒரு கிழவர். அவர் கஞ்சனே அல்லர். குடை ரிப்பேர்க்காரரிடம் போய்க்கொண்டிருந்த மனிதர். நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது.

அம்மா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாவம், எத்தனை வருஷமா அவரைத் திட்டியிருக்கோம்” என்றார். பிறகு பெரியவரிடம், முன்பு எவ்வளவு உள்ளே போயிருந்ததோ அவ்வளவே வைத்துத் தைத்துத் தரும்படி சொல்லிவிட்டார். தாத்தா சொன்ன கதை கலைய வேண்டாம் என்பது அவர் எண்ணம். தைப்பதற்கு முன் நான்கு கட்டங்களையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

கோட்டோவியன்

வரைந்தவர் யாராக இருந்தாலும் அவரைக் கும்பிடுகிறேன். தம்பி, உங்கள் தாத்தாவையும் சேர்த்துத்தான். பாதிப் படத்தில் முழு நகைச்சுவையைக் கண்டெடுத்திருக்கிறார். இருபது ஆண்டு வரைந்த நானும் அந்தப் படம் அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஈயஎழுத்து நண்பர் புதிய படத்தில் குடையின் நுனியை மட்டும் பெரிதாக்கி ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஈயஎழுத்து

பார்த்தேன் ஐயா. பிளாக்கில் நின்ற பிசிறு என்று நான் சொன்ன சிறு கோடு நான்கு கட்டத்திலும், குடை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதே நுனியில், அதே கோணத்தில் இருக்கிறது. அமிலம் விட்டுவைத்த பிசிறு ஓரிடத்தில் நிற்குமே தவிர, ஆளோடு சேர்ந்து நடக்காது. முதல் கட்டத்திலேயே ஒரு கம்பி முறிந்து துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓவியர் அதைத் தெளிவாகத்தான் வரைந்திருக்கிறார்; என் கண்தான் அதைப் பிளாக் செய்தவர் தலையில் போட்டது.